காவல் நிற்கும் மீனைப் பிடிப்பது

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். மன்னாரில் ஓ.எல். சோதனை வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு கடிதங்களும் கடைச் சாமான் பட்டியலும் தவிர எதுவும் எழுதியதில்லை. "வேலையிடத்து அனுபவம் ஒண்டு எழுதித் தாங்கோ அக்கா" என்று எங்கள் சங்க மலருக்குக் கேட்டபோது, படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் மீன் வெட்டுகிறவளுக்கு என்ன வேலை என்று இரண்டு கிழமை சாட்டுச் சொன்னேன். கேட்டவர் விடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்வது ஜேர்மனியில், எர்லாங்கன் நகரத்துக்கு வெளியே ஒரு மீன் பண்ணையில். ஆறு குளங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் வானம் பார்த்த குளங்கள். வாய்க்கால் கிடையாது, மழை பெய்தால்தான் நீர். ஐந்தில் கெண்டை வளர்க்கிறோம். ஒன்றில் மட்டும் பாஸ் என்ற அமெரிக்க மீன். முதலாளி கார்ல் அதற்காக நான்கு வருடம் பாடுபட்டார். அவரை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம், இங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வது. அவரோடு பேசுவது ஜேர்மனில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

இன்னொருவர் அன்ரன் அண்ணை. நெடுந்தீவுக்காரர். குளத்து வேலை எல்லாம் அவருடையது. எனக்குக் கொட்டிலுக்குள் மீன் வெட்டுவதும் புகை போடுவதும். அண்ணைக்குத் தூண்டில் பைத்தியம். மூன்று தட்டுப் பெட்டி நிறையப் போலி இரைகள் வைத்திருக்கிறார். அவற்றை அவர் துடைக்கிற அக்கறையைப் பார்த்து, "அண்ணை இதுகளுக்குப் பேரும் வச்சிருப்பார்" என்று நான் பகிடி பண்ணுவேன். "வச்சிருக்கிறன். உனக்குச் சொல்லமாட்டன்" என்பார்.

சனிக்கிழமை காலை

மே மாதம் நடுப்பகுதி. பாஸ் முட்டையிடும் காலம். பெண் மீன் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். பிறகு எல்லாம் ஆண்தான். முட்டையின் மேல் நின்று வாலால் விசிறும், சேறு படியவிடாது, சின்ன மீன்களைத் துரத்தும், தான் சாப்பிடாது. முட்டையிட வசதியாகக் குளத்தின் அடியில் செயற்கைப் புல்பாய்கள் போட்டிருந்தோம். அந்த வருடம் ஒரே ஒரு பாயில்தான் முட்டை. ஒரே ஒரு ஆண்.

அன்று காலை நான் வந்தபோது ஷெஃப் கரையில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். குளத்து நீர் முழங்கால் அளவு இறங்கியிருந்தது. பாய்க்கு மேலே ஒரு சாண் நீர்தான் மிச்சம். ஆண் மீனின் முதுகுச் செட்டை வெளியே தெரிந்தது. ஆனாலும் அது விசிறிக்கொண்டுதான் நின்றது.

"துருசில இரண்டு பலகையைக் காணேல்லை" என்றார். துருசு என்பது நீரை விடுகிற சீமெந்துப் பெட்டி. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீரை மறித்திருப்போம். "ஆர் எண்டு எனக்குத் தெரியும். பக்கத்துக் குளத்துக்காரன். போன வருசத்து வேலிச் சண்டை. இருக்கட்டும், பொலிசுக்கும் சொல்லி அவனுக்கும் எழுதிறன்."

கையில் போனை எடுத்து அப்போதே தட்டத் தொடங்கினார்.

பலகையை எடுத்தவள் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரன் அண்ணை லீவு. கெண்டைக் குளத்தில் கரை திருத்த வேண்டும், மூன்றாம் குளத்தில் இரண்டு பலகை எடுக்கச் சொல்லி ஷெஃப் போன் பண்ணியிருந்தார். நான் மூன்றாம் குளத்தில்தான் எடுத்தேன். ஆனால் நான் நாள்தோறும் பஸ் தரிப்பிடப் பக்கமாக வந்து இறங்குகிறவள், அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினேன். அவர் கொட்டில் பக்கத்திலிருந்து எண்ணுகிறவர். ஆறு குளத்தில் என் மூன்றாவது அவருக்கு நாலாவது, பாஸ் குளம். கொட்டிலுக்குள் நிற்கிற எனக்கு எந்தக் குளத்தில் எந்த மீன் என்று அப்போது சரியாகத் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"ஷெஃப், சண்டையைப் பிறகு பாப்பம். முதல்ல மீன்" என்றார் அன்ரன் அண்ணை. மழை இல்லாமல் நீரைத் திரும்ப ஏற்ற முடியாது. பாயை அடுத்த குளத்துக்கு மாற்றவேண்டும். ஆனால் காவல் இல்லாத முட்டையைச் சின்ன மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஆண் மீனும் பாயோடு சேர்ந்து போகவேண்டும், உடனே போகவேண்டும். வலை இழுத்தால் சேறு கிளம்பி முட்டை செத்துவிடும். தூண்டில் ஒன்றுதான் வழி.

மூன்று தட்டுப் பெட்டி

அண்ணை பெட்டியைத் திறந்தார். சுழலும் தகடு போட்டார், மீன் திரும்பியும் பார்க்கவில்லை. மண்புழு போட்டார், அதையும் பார்க்கவில்லை. கடைசியில் வெள்ளை ரப்பர் இறால் ஒன்றைப் பாய்க்கு அப்பால் எறிந்து, மெல்ல இழுத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் நிறுத்தினார். வெள்ளை ஏனென்றால் கரையிலிருந்து பார்க்கலாம், அது மறைந்தால் மீனின் வாய்க்குள் போய்விட்டது என்று தெரியும்.

மறைந்தது. அண்ணை சுண்டினார். வெறும் இறால் பறந்து வந்து அவருடைய தொப்பியில் விழுந்தது.

நான்கு முறை இப்படி. அண்ணைக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணை" என்றேன்.

"பேசாத பிள்ளை. நீ கத்தியோட நில்லு, இது வேற வேலை."

நான் குந்தியிருந்து பார்த்தேன். கரையோர மரத்திலிருந்து ஒரு இலை பாய்மேல் அமிழ்ந்தது. மீன் அதன் நுனியைக் கவ்வி, பாய்க்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வீடு கூட்டுகிறவள் குப்பையை எடுத்துப் போடுவது போலத்தான்.

"அண்ணை, அது கடிக்கேல்லை. இறாலின்ர வாலில பிடிச்சு வெளியில போடுது. முள் தலையில இருக்கு."

அண்ணை என்னைப் பார்த்தார், இறாலைப் பார்த்தார். "இருவது வருசமா தூண்டில் போடுறன்" என்று முணுமுணுத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி இறாலின் வால் பக்கம் கோத்தார். வாய் கிழியாமல் இருக்க எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கினார். பிறகு தடியை என்னிடம் நீட்டினார்.

"கண்டுபிடிச்சவ நீ. நீயே போடு."

"ஏலாது அண்ணை."

"நான் நாலு தரம் விட்டிட்டன். பிடி."

நிழல் விழாமல் குந்தியிருந்து எறிந்தேன். பாயின் இடது ஓரத்தில் முட்டை அடர்த்தி. இலை விழுந்த இடமும் அதுதான். அங்கே நிறுத்தி, இழுக்காமல், தடியின் நுனியை மட்டும் அசைத்தேன். மீன் சிலிர்த்தது. வெள்ளை மறைந்தது. ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தூக்கினேன்.

பாரம். இரண்டு கிலோ இருக்கும். ஷெஃப் சப்பாத்தோடு நீருக்குள் இறங்கி அத்தாங்கு வலையில் அள்ளினார். மீனைத் தொட்டிக்குள் விட்டோம். அண்ணை பாயைத் தட்டில் ஏற்றினார். தள்ளுவண்டியில் வைத்து மூன்று பேருமாக ஓடினோம். அடுத்த குளத்தில் பாயை இறக்கி, அதன் மேலேயே மீனை விட்டோம். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆழத்துக்குள் போய்விட்டது.

சொன்னது

ஷெஃப் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "றீற்றா, நீர் எங்கட நாலு வருசத்தைக் காப்பாத்தினீர்" என்றார். பிறகு மற்றக் கையால் போனை எடுத்தார். பக்கத்துக் குளத்துக்காரருக்கு எழுதியது பாதியில் நின்றது.

"அனுப்பாதேங்கோ ஷெஃப். பலகையை எடுத்தது நான்."

கையை விடவில்லை. விளங்காமல் பார்த்தார். எண்ணின கதையைச் சொன்னேன்.

"அப்ப நீர் எப்பவும் பஸ் பக்கத்திலயிருந்தே எண்ணுறனீர்?"

"ஓம்."

"போன மாசம் இரண்டாம் குளத்துக்குச் சுண்ணாம்பு போடச் சொன்னனான்."

"அதுவும் அந்தப் பக்கத்திலயிருந்துதான், ஷெஃப்."

அன்ரன் அண்ணை சிரித்த சிரிப்பில் கரையிலேயே குந்திவிட்டார். ஷெஃப் சிரிக்கவில்லை. போனில் எழுதியதை வரி வரியாக அழித்தார், நான் பார்க்கும்படி. "காலமையே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"பயந்திட்டன்."

"நான் அவனோட சண்டைக்குப் போயிருப்பன். அதுக்குப் பயந்திருக்க வேணும்." அதன் பிறகுதான் கொஞ்சம் சிரித்தார்.

வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காவல் நிற்கிற மீன் பசிக்குக் கடிப்பதில்லை. அது எதைப் பொறுக்காது என்று பார்த்துப் போடுங்கள். இதைப் பண்ணையில் மட்டும் செய்யுங்கள். இந்த நாட்டு ஆற்றிலும் ஏரியிலும் முட்டைக் காலத்தில் சாண்டர் என்ற மீன் இப்படித்தான் நிற்கும், அப்போது அதைப் பிடிப்பது குற்றம், பாவமும்கூட. முதலாளி ஒரு இலக்கம் சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து என்று கேளுங்கள். பிழை விட்டால் மீன் பிடிபடும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து போய்ப் பார்த்தோம். ஆண் மீன் முட்டைப் பாயிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி, அந்தக் குளத்தில் கெண்டைக்காக முன்பே போட்டிருந்த ஒரு வெறும் பாயின் மேல் விசிறிக்கொண்டு நின்றது. மிச்ச முட்டையோடு கிடந்த பாயை மெல்லத் தூக்கி அதற்குக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.