இருமல் வேஷம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற இத்வால் பாரிக்கு மரவேலை சுத்தமாக வராது. ஒரு அலமாரி மாட்டப் போய்ப் பாதிச் சுவரைப் பெயர்த்த மனுஷன் என்று அவர் மனைவி நெஸ்டா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவர் வேல்ஸ் மலையோரத்துத் தன் ஊரான பென்கார்த்தின் ரயில் கொட்டகைக்குப் போய், "நானும் வேலைக்கு வர்றேன்" என்று நின்றார். அங்கே வந்து சேர்ந்திருந்த ஒரு பழைய ரயில் பெட்டிதான் காரணம்.

பெட்டி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். முப்பது வருஷமாக ஒரு பண்ணையில் அதற்குள் பன்றி அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னால், மலைமேல் சிலேட்டுக்கல் வெட்டப் போன ஆட்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிவிட்ட வண்டி. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, உட்கார மெத்தை இல்லை. ஒரு கூரை, நாலு பலகை, அவ்வளவுதான். வேல்ஸ் மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில்தான் அடிக்கும். கூரை இருந்தும் எல்லாரும் நனைந்துதான் இறங்குவார்கள். இத்வாலின் அப்பா கிரிஃபித் ஆயுசு முழுக்க அதில்தான் போய்வந்தார்.

கடைசிக் காலத்தில் அவரால் படுக்க முடியவில்லை. நெஞ்சு முழுக்கக் கல்தூசி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார், இருமல் வந்து எழுப்பிவிடும். கல்குவாரிக் கம்பெனியின் டாக்டர் பார்த்துவிட்டு, "டீய ரொம்ப நேரம் கொதிக்க வெச்சு ஸ்ட்ராங்கா குடிச்சா இப்பிடித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா அன்றிலிருந்து டீயைச் சாயம் இறங்காமல் வெறும் வெந்நீர் மாதிரி ஊற்றிக் கொடுத்தாள். அப்பா அந்த வெந்நீரையும் குடித்துவிட்டுத்தான் செத்தார். இத்வாலுக்கு அப்போது பதினேழு வயது.

குவாரி மூடியது. ரயிலும் நின்றது. பிறகு இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய சிலர், தண்டவாளத்தில் முளைத்த முள்ளை வெட்டி, சுற்றுலாக்காரர்களுக்காக ரயிலை மறுபடி ஓடவிட்டார்கள். அவர்கள் பார்த்தது சம்பளமில்லாத வேலை. அவர்களுக்குத் தலைவர் கிளிஃபர்ட் ஹார்க்ரீவ், மான்செஸ்டரில் பல் வைத்தியராக இருந்தவர். பன்றிக் கொட்டிலில் கிடந்தது என்ன வண்டி என்று கண்டுபிடித்து, பண்ணைக்காரரிடம் கெஞ்சி, மழையில் நனைந்துகொண்டே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது அவர்தான்.

இத்வாலின் மச்சான் டெக்வின், அதாவது நெஸ்டாவின் தம்பி, அந்த ரயிலில் சம்பளத்துக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான். கிளிஃபர்ட் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா மச்சான், பல்லப் புடுங்குற மாதிரியே புடுங்குறான். வாயத் தொறன்னு சொல்லாததுதான் பாக்கி" என்பான்.

கிண்டல் கிண்டலாக இருந்தாலும், கிளிஃபர்ட் நல்ல வேலைக்காரர், பொறுமைசாலி. இத்வால் பலகையைக் கோணலாக அறுத்தால் கோபப்படமாட்டார்; "பரவால்ல இத்வால், அதச் சின்னதா வெட்டி வேற எடத்துல வெச்சுக்கலாம்" என்பார். உப்புத்தாள் தேய்க்க, ஓக் பலகையின் ரேகை பார்த்து இழைக்க, கூரைக்குத் தார்த்துணி இழுத்துக் கட்ட, எல்லாம் அவரிடம்தான் இத்வால் கற்றுக்கொண்டார். பன்றி மூத்திர வாடை போகவே ஒரு குளிர்காலம் ஆனது. கை வெடித்து ரத்தம் வந்தபோதும் இத்வால் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. "என் மேல கை வெச்சு இவ்ளோ நாளாச்சு, அந்தப் பலகையத் தடவோ தடவுன்னு தடவுறார்" என்று நெஸ்டா, தான் வேலை பார்த்த ஸ்டேஷன் டீக்கடையில் கேக் வெட்டிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள். இத்வாலுக்குக் காது சிவந்துபோகும். ஆனால் அந்த வருஷங்களில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

பெட்டி முடிந்து சாம்பல் வண்ணம் பூசியதும் கூட்டம் போட்டார்கள். வெறும் பலகையில் உட்கார யார் வருவார்கள் என்பது கேள்வி. கிளிஃபர்ட் ஒரு யோசனை சொன்னார்.

"உள்ள ஒரு குவாரிக்காரர் உக்காந்திருக்கணும். பழைய தொப்பி, ஆணி அடிச்ச பூட்ஸ். ஜனங்ககிட்ட அந்தக் காலத்துக் கதை பேசணும். இத்வால், உங்களவிட யாரு பொருத்தம்? நீங்களே உக்காருங்க."

"மாட்டேன்" என்றார் இத்வால்.

"ஏன்?"

"எங்க அப்பா அதுல வேலைக்குப் போனாரு. வேடிக்கை காட்டப் போகல."

கிளிஃபர்டுக்கு முகம் வாடிவிட்டது. "நான் கொண்டுவரலன்னா அது இன்னும் பன்னிக் கொட்டில்தான், இத்வால். ஜனங்க ஏறலன்னா மறுபடி மூலையில நிக்கும். அது உங்களுக்குப் பரவால்லயா?" என்றார்.

வேஷக்காரர் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இங்கிலாந்துக்காரர்கள் தூக்கினார்கள், அது எதிர்பார்த்ததுதான். அடுத்து டெக்வினின் கையும் மேலே போனது. அவன் அப்பாவும் அதே தூசியில் செத்தவர்தான். இத்வால் அவனையே பார்த்தார். டெக்வின் தரையைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் இத்வால் அவனைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா ரயில் ஓடுமா? இந்த ஊர்ல வேற என்ன மச்சான் இருக்கு? ஆடு இருக்கு, மழை இருக்கு, இந்த ரயில் இருக்கு. ஆடும் மழையும் எனக்கு வேலை குடுக்காது."

கோடையில் குவாரிக்காரர் வேஷம் கட்டியவர் ராட்னி, இங்கிலாந்தின் செஷயரில் வீட்டுத் தரகராக இருந்தவர். நாடகத்தில் ஆசை உள்ள ஆள். முகத்தில் கரி பூசிக்கொண்டார். சிலேட்டுத்தூசி சாம்பல் நிறம் என்று யாரோ சொன்னதற்கு, "கருப்புதான் போட்டோல நல்லா விழும்" என்றாராம். இத்வால் கொட்டகைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் ஒரு சனிக்கிழமை பிரேக் கட்டையை மாற்ற ஆள் இல்லை என்று கூப்பிட்டதால் போனார். வேலை முடிந்ததும், வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவரும் ஏறிக்கொண்டார்.

பெட்டி நிறைய ஜனம். ராட்னி மலையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். வளைவு தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரும ஆரம்பித்தார். குனிந்து, கண் பிதுங்க, கைக்குட்டையில் துப்பிவிட்டு, அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டினார். சிவப்புச் சாயம். ஒரு பெண் வீலென்று கத்தினாள், உடனே சிரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

இத்வால் எழுந்தார். பஸ் ஓட்டிய கை, பலமான கை. ராட்னியின் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் பலகையோடு சேர்த்து அழுத்தினார். "இன்னொரு தடவ இருமு பாக்கலாம். இருமுடா!" என்று தன் தாய்மொழியான வெல்ஷில் கத்தினார். ராட்னிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஜனங்கள் இதுவும் நாடகம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவரை உடைத்தது. பிடியை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தண்டவாளத்து ஓரமாகவே வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் கிளிஃபர்டே வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. "இனிமே நீங்க கொட்டகைக்கு வர வேண்டாம், இத்வால். கமிட்டி முடிவு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. இத்வாலுக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

நெஸ்டா டீக்கடை வேலையை விடவில்லை. "நீ அடிச்சதுக்கு நான் ஏன் வீட்ல உக்காரணும்? எங்க அப்பாவும்தான் செத்தாரு. அதுக்காக யார் கழுத்தையும் நான் நெரிக்கல" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் ரயில் பேச்சே எடுப்பதில்லை. வேறு பேச்சும் குறைந்துபோனது.

ராட்னி பயந்துபோய் வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டார். அடுத்த கோடையில் அந்த வேஷத்தை யார் கட்டுகிறார்கள் என்று நெஸ்டா சொல்லவில்லை. தபால் நிலைய வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துத்தான் இத்வால் தெரிந்துகொண்டார். தொப்பி, ஆணி பூட்ஸ், முகத்தில் சரியான சாம்பல் நிறம். டெக்வின்.

நேராக ஸ்டேஷனுக்குப் போனார். டெக்வின் அந்த உடுப்போடே பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"நீயும் இருமுறியா?"

"இருமுறேன்." டெக்வின் சாண்ட்விச்சைக் கீழே வைக்காமல் இன்னொரு கடி கடித்தான். "ஆனா நான் இருமுனா யாரும் சிரிக்கிறதில்ல, மச்சான். எங்க அப்பா இருமுன மாதிரியே இருமுறேன். அழுவுறாங்க. பொம்பளைங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க."

"அழுதுட்டு?"

டெக்வின் மடியில் விழுந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டான். "ஐஸ்கிரீம் வாங்கப் போறாங்க" என்றான்.

விசில் ஊதினார்கள். டெக்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெட்டியை நோக்கி நடந்தான். ஏறும்போதே முதுகைக் கூனிக்கொண்டான். அது அவன் அப்பாவின் நடை. பார்க்கச் சகிக்கவில்லை, அத்தனை அச்சாக இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நெஸ்டா தம்பி வீட்டுக்குத் தனியாகப் போனாள். இத்வால் வீட்டில் இருந்தார். ஆட்டுக்கறியை அவள் சமைத்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அவர் அதைச் சூடு பண்ணக்கூட இல்லை.