கிளட்ச் டப்பா

வில்லியனூர் சந்தையில் மீன் விற்கும் சின்னபொண்ணிடம் யாரோ சொன்னார்களாம்: பூரணாங்குப்பம் ஸ்டெல்லாவின் வண்டியைப் பாகூர் பக்கம் ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தானாம், உள்ளே தேய்ந்துபோன கிளட்ச் ப்ளேட்தானாம். "புதுசு போட்டேன்னு சொல்லிட்டு பழசையே கழுவி மாட்டிட்டியாமே?" என்று சின்னபொண்ணு பட்டறைக்கு வந்து கேட்டபோது, மெக்கானிக் தணிகைவேல் ஒரு ஸ்பேனரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எதையாவது திட்டாமல் அவருக்கு வேலை ஓடாது. கழல மறுக்கும் நட்டுக்கு 'மாமியா வூட்டு விருந்தாளி' என்று பெயர். மழை, கரண்டு, சைலன்சர் எதுவும் தப்பாது. வாசலில் ஹார்ன் அடித்துக் கூப்பிடுகிறவனின் வண்டியை அன்று தொடமாட்டார். ஒரு வழக்கம் மட்டும் மாறியதில்லை. கழற்றிய பழைய சாமானை, புதுச் சாமான் வந்த அட்டை டப்பாவிலேயே போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். "பழசும் உன்கிட்ட, டப்பாவும் உன்கிட்ட. அப்பறம் எவனும் நாக்கு மேல பல்லு போட்டுப் பேசக் கூடாது."

இப்போது பேசிவிட்டார்கள். வாடிக்கை பைக்குகள் இரண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டன. "வண்டிய இங்க கொண்டாரச் சொல்லு. ஊரைக் கூட்டி வச்சிப் பிரிக்கறேன்" என்று சின்னபொண்ணிடமே சொல்லியனுப்பினார்.

அது கடற்கரை மணலில் ஓடும் நாலு டயர் வண்டி. ஒரு விடுதி ஓட்டித் தீர்த்துத் தள்ளிவிட்டதை ஸ்டெல்லா வாங்கி, சனி ஞாயிறில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பிழைக்கிறாள். மினி லாரியிலிருந்து இறக்கி ஆக்சிலேட்டரை முறுக்கினாள். இன்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை.

"கேளுண்ணே. பாட்டு பாடுது, நகரமாட்டேங்குது."

"வாய மூடிக்கினு பாரு."

ஆயிலை வடித்தார். மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, ப்ளேட்டுகளை உருவினார். கருகல் வாடை. டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தான் மாட்டும் ப்ளேட் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கூர் உளியால் ஒரு புள்ளி குத்துவது அவர் பழக்கம். இவற்றில் புள்ளியே இல்லை. அத்தனையும் பழசு.

"இப்ப இன்னா சொல்றண்ணே?"

"நான் குடுத்த டப்பா எங்க?" என்று கத்தினார் தணிகைவேல்.

ஸ்டெல்லா பையிலிருந்து எடுத்து அவர் காலடியில் போட்டாள். பிரித்தார். உள்ளே தடிமன் குறையாத ப்ளேட்டுகள், ஒவ்வொன்றிலும் புள்ளி.

"ஏமாத்துறவன் புதுசை உன் கையில குடுப்பானா? எவன் கழட்டினான்?"

அவள் முகம் மாறியது. "எங்க கொழுந்தன் பாக்யராஜ்... இந்த வண்டியில கட்டிப் படகை இழுக்கறப்ப கிளட்ச் வழுக்குதுன்னாரு. டப்பாவுல புதுசு கீது, நானே மாட்டிக்கறேன்னாரு. மாட்டிட்டு, கழட்டினதை அதுல போட்டுட்டாரு போல."

"போடு அவனுக்கு போன். ஸ்பீக்கர்ல போடு. அவன் வாயாலயே சொல்லட்டும், ஊரு கேக்கட்டும்."

மணி அடித்தது. மீன் கூடையோடு நின்ற சின்னபொண்ணு டப்பாவைக் குனிந்து பார்த்தாள். "பளபளன்னு புது டப்பா. உள்ள பழசுன்னு அவன் இன்னாத்தக் கண்டான்?"

தணிகைவேல் அவளைத் திட்ட வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, குனிந்து டப்பாவை எடுத்தார். ப்ளேட்டுகளை மடியில் கொட்டிக்கொண்டார். காலி டப்பாவை இரண்டு கைகளாலும் அழுத்தித் தட்டையாக்கி, நாலாக மடித்து, மேலும் மடித்தார். பாக்யராஜ் எடுக்கவில்லை, மணி போய்க்கொண்டே இருந்தது.