மூன்றாவது பாட்டில்

எந்த வேலையிலும் எனக்கு ஆறு மாதம் தாண்டியதில்லை. தி. நகரில் ஜவுளிக்கடையில் புடவை மடித்தேன். வடபழனியில் படப்பிடிப்புக்கு விளக்கு தூக்கினேன். கொட்டிவாக்கத்தில் கட்டி முடிக்காத ஒரு வீட்டுக்குக் காவல் இருந்தேன். யாரும் துரத்தியதில்லை. ஒரு நாள் காலையில் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கால் என்னை அடையாறில் ஓய்வு பெற்ற ஒரு விலங்கியல் பேராசிரியரிடம் கொண்டுபோய் விட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். பாட்டில்களையும் மருந்துப் பெட்டியையும் சைக்கிளில் சுமப்பது என் வேலை. நான்கு மாதம் ஆனபோது அவர் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார்.

"நீயே போயிட்டு வா. நான் பேசறதைத்தான் தினம் கேக்கறியே" என்றார்.

மந்தைவெளிப் பக்கத்துப் பள்ளியில், நானே முடிக்காத ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் போய் நின்றேன். பிள்ளைகள் எழுந்து "வணக்கம் சார்" என்றார்கள். என்ன படித்திருக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும் பாடம் முடியும்வரை கூடவே இருக்கும்.

அங்கே செய்துகாட்ட வேண்டிய சோதனை எளிது. தண்ணீர் நிரம்பிய பாட்டிலில் இரண்டு மருந்துகளைச் சொட்டுவிட வேண்டும். தண்ணீரில் மீன் மூச்சுவிடக் காற்று இருந்தால் பால் திரிவதுபோலப் பழுப்பாகத் திரியும். இல்லையென்றால் வெள்ளையாகத் திரியும். மூன்று பாட்டில்கள். ஒன்று அடையாற்றுப் பாலத்துக்கு அடியில் எடுத்தது. இரண்டாவது ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில். மூன்றாவதை அலை உடையும் இடத்தைத் தாண்டி, கட்டுமரத்தில் போய் எடுக்க வேண்டும்.

சோதனை செய்துகாட்ட வேண்டிய நாளன்று காலை முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. ஆறு உள்ளேயே கறுப்பாகத் தேங்கி நாறியது. என்னை ஏற்றிப்போவதாகச் சொன்ன கட்டுமரக்காரர் வரவில்லை. மணலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், சைக்கிளைச் சுற்றிவந்தேன். காத்திருப்பது மட்டும் எனக்கு எங்கேயும் கைவந்ததில்லை. இரண்டாவது பாட்டிலை நிரப்பிய அதே இடத்தில் மூன்றாவதையும் முக்கி எடுத்து, 'கடல்' என்று சீட்டு ஒட்டினேன்.

வகுப்பில் மூன்றும் வெள்ளையாகத் திரிந்தன. பேச்சு அப்படியே நின்றது. நாற்பது பிள்ளைகள் என் கையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். பள்ளிக் கண்காட்சிக்கு அவர்களே ஒரு சார்ட் எழுதினார்கள். 'நம் கடலுக்கு மூச்சு நின்றுவிட்டது' என்று சிவப்பு மையில் தலைப்பு.

சார்ட்டின் முன்னால் நின்று அறிவியல் டீச்சர் கேட்டார்: "அப்ப நம்ம பக்கத்து மீனைச் சாப்பிடலாமா, கூடாதா?"

தெரியாது என்பதுதான் பதில். பட்டம் வாங்கியவர் அதைக் கூசாமல் சொல்லிவிடலாம். நான் சொன்னால் அடுத்த கேள்வி என் படிப்பைப் பற்றித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"வேணாம் மேடம்" என்றேன். டீச்சர்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள்.

அந்தப் பள்ளி வாசலில் சாயங்காலம் ஒரு அம்மா கூடையில் மீன் விற்பார். வீட்டுக்குப் போகும் டீச்சர்கள்தான் அவருக்கு முக்கியமான வாடிக்கை. அவருடைய மகள் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். அடுத்த வாரம் மணி அடித்த பிறகும் அவள் போகவில்லை.

"சார், மூணாவது பாட்டில எங்க ரொப்புனீங்க?"

"கடல்லதான்."

"எந்தக் கட்டுமரத்துல போனீங்க? உங்கள இட்டுனு போறதா சொன்னது எங்க சித்தப்பாதான். லேட்டா வந்து பாத்தாராம். மணல்ல சைக்கிள் தடம்தான் இருந்துச்சாம்."

நான் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினேன்.

"டீச்சருங்க எங்கம்மாவப் பாத்தா எதிர்ப்பக்கமாப் போறாங்க சார். நேத்து மீனு அப்டியே கீது. இப்டியே போனா பத்தாவது வேணாம், எங்கூட வந்து தெருத்தெருவா கூடை தூக்குனு அம்மா சொல்லுது."

அன்று சாயங்காலமே பையைக் கட்டினேன். பேராசிரியரின் சைக்கிளை விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறுவதாக எண்ணம். அவர் கட்டிலில் படுத்தபடி கண்காட்சி எப்படி நடந்தது என்றார். மூன்றும் வெள்ளை என்று சொன்னதும் எழ முயன்று வலியில் கத்தினார்.

"கடல் தண்ணி எப்படிடா வெள்ளையாகும்? எங்கே எடுத்தே?"

சொன்னேன். ஒரு நாழிகை திட்டினார். பிறகு திட்டவும் முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சைக்கிள் சாவியை மேசைமேல் வைத்தேன். வாசல்வரை போய், திரும்பிவந்து சாவியை எடுத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

மறுநாள் விடியும்போது அந்தச் சித்தப்பாவின் கட்டுமரத்தில் இருந்தேன். முதல் அலையிலேயே முழுக்க நனைந்தேன். இரண்டாவது அலையில் வாந்தி.

"இன்னா சார், கடலுக்கு மூச்சு நின்னு பூட்ச்சுனு எழுதுனியாமே. இப்ப யாருக்கு மூச்சு வாங்குது?" என்று துடுப்பை நிறுத்தாமல் சிரித்தார். கரை சின்னதாகிப்போன இடத்தில், தண்ணீர் பச்சையாக இருந்தது. அவர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, குனிந்து பாட்டிலை நிரப்பினேன்.

வகுப்பில் முதலில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மூன்றாவது பாட்டில் கடலே இல்லை, காத்திருக்க முடியாமல் ஏமாற்றிவிட்டேன் என்று. பின்பெஞ்சில் ஒருவன் "அய்யய்யே" என்றான். பிறகு மருந்தைச் சொட்டினேன். டீ டிகாஷன் போலப் பழுப்பாகத் திரிந்தது.

அந்தப் பெண் எழுந்தாள். "அப்ப எங்கம்மா மீனு நல்ல மீனுன்னு எழுதுங்க சார்."

எழுதிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சோதனை தண்ணீரில் காற்று இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். மீனுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது.

"அது இதுல தெரியாதும்மா."

"அன்னிக்கி மட்டும் எப்டித் தெரிஞ்சுது?"

வகுப்பு சிரித்தது. கடைசியில் புதிய சார்ட்டை அவளே எழுதினாள். மூன்றாவது பாட்டில் தவறான இடத்தில் எடுக்கப்பட்டது, கடலில் காற்று இருக்கிறது, மீனைப் பற்றி நாங்கள் எதுவும் சோதிக்கவில்லை, வாசலில் விற்கும் மீன் ஆற்றில் பிடித்ததல்ல. நான்கு வரி. ஆசிரியர்கள் அறைக்கு நானே எடுத்துப்போய் வாசித்தேன். என் படிப்பு எதுவரை என்பதையும் அப்போதே சொன்னேன். மீனைவிட அதுதான் அவர்களைத் திடுக்கிட வைத்தது. இனி என்னை அனுப்ப வேண்டாம் என்று பேராசிரியருக்கு ஒரு கடிதம் போனது.

அன்று சாயங்காலம் வாசலில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அறிவியல் டீச்சர் கூடையிடம் வந்தார்.

"இது எங்க புடிச்சதும்மா?"

"கடல்லதான் புடிச்சது. பாட்டில்லயா புடிப்பாங்கோ?"

டீச்சர் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் வந்த இரண்டு பேர் நிற்காமல் போய்விட்டார்கள். டீச்சர் அந்த மீனை வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். அதை எடுத்துத் தனியாக வைத்தார்.

மகள் புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றாமல், அந்த மீனைத் தாள் சுற்றிக் கொடுத்தாள்.