கரவனுக்குள் ஒரு மஞ்சள் அறை

வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வருகிற கோடை முடிவதற்குள் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இருக்கிற மிச்சம் என்ற இடத்தில் வாடகை வீடு தேடுவது பெரிய தலையிடிதான். ஆனால் என் கவலை அதுவல்ல. எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. அந்த வீட்டு மாடியில் இருந்த அவளது மஞ்சள் அறையைத் தவிர வேறு எந்த இடத்திலும் அவள் நித்திரை கொண்டதில்லை.

இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு ஓட்டிசம். பேச்சுக் குறைவு, காது கூர்மை, மூக்கு அதைவிடக் கூர்மை. ஒருமுறை கடற்கரையில் ஒரு ஹொட்டேலில் அறை எடுத்தோம். பக்கத்து அறைக்காரர்கள் சுவரில் தட்டத் தட்ட அவள் கத்தினாள். விடியுமுன் காரில் ஏறிவிட்டோம். இன்னொருமுறை செவன் கிங்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டில் தங்கினோம். அங்கே கத்தவில்லை. கதவடியில் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டு விடியும்வரை முழித்திருந்தாள். அந்தக் கடிகாயத்தைப் பள்ளிக்கூடத்தில் கண்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் தங்குவதில்லை. கலியாணவீடு, செத்தவீடு எதுவானாலும் தலையைக் காட்டிவிட்டுப் போன கையோடு திரும்பிவிடுவோம்.

இப்படிப்பட்ட பிள்ளையை அந்த வீட்டிலிருந்து எப்படிப் பெயர்த்து எடுப்பது? யோசிக்க யோசிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவர் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. இவர் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். யூடியூப் பார்த்தால் உலகத்தில் எதையும் கழற்றிப் பூட்டலாம் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர் படுக்கக்கூடிய ஒரு பழைய சின்னக் கரவனை, சக்கரம் வைத்த இழுவை வீட்டை, காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் விட்டார். ஈர நாற்றம் தெருவரைக்கும் வந்தது.

"வீடு மாறினாலும் அறை மாறக்கூடாது," என்றார். "பிள்ளையின்ரை அறையை இதுக்குள்ளை கட்டுவம். முதல்லை எங்கையாவது கொண்டுபோய் இதிலை படுக்கப் பழக்குவம். பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் இது வாசலிலை நிக்கும். மெல்ல மெல்ல உள்ளை வரட்டும்."

கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மனுசன் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடை பூட்டி வந்த கையோடு கரவனுக்குள் இறங்கிவிடுவார். உக்கிப்போன சுவர்ப் பலகைகளைப் பிடுங்கி எறிந்தார். சத்தம் உள்ளே வராமல் சுவருக்குள் கம்பளிப் பஞ்சு அடைத்தார். முன்பக்கத்தை மறித்து ஒரு சின்ன அறை கட்டினார். அவளுடைய அறைச் சுவரிலிருந்து ஒரு துண்டுப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டு போய், அதே மஞ்சளைக் கலக்கச் சொல்லிக் கடைக்காரனோடு மல்லுக்கட்டினார். கடைசியில் அவளுடைய அறைக்கதவின் பித்தளைக் குமிழைக் கழற்றிக் கரவனின் அறைக்கதவில் பூட்டினார். வீட்டில் அவள் அறைக்கதவில் அதே மாதிரிப் புதிதாக இன்னொன்றைப் போட்டார். அவள் இரண்டையும் முகர்ந்து பார்த்தாள். தன்னுடையது எது என்று தெரிந்துகொண்டு கரவனுக்குள் ஏறினாள். அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பகலில் அதற்குள் விளையாடுவாள், படுத்துக் கிடப்பாள். இருட்டத் தொடங்கினால் போதும், இறங்கி வீட்டுக்குள் ஓடிவிடுவாள். மாடியில் பழைய அறை இருக்கும்வரை அவள் ஏன் வாசலில் படுக்கப் போகிறாள்?

இனிக் குசினிக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு குசினி இருக்கும். வீட்டுக்குள் இருப்பது தேத்தண்ணி போடவும் வருகிறவர்கள் பார்க்கவும். மீன் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் பின்வளவு ஷெட்டுக்குள். கறிமணம் உடுப்பில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது என்று வந்த பழக்கம். எங்கள் வீட்டில் அது பழக்கம் மட்டுமல்ல. தாளித மணம் படுக்கைக்கு வந்தால் மகள் படுக்கமாட்டாள்.

கரவனைச் செய்தவர்கள் குசினியைச் சரியாக நடுவில், சக்கரங்களுக்கு மேலே வைத்திருந்தார்கள்.

"விசரங்கள்," என்றார் இவர். "படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலை ஆரும் அடுப்பை வைப்பாங்களே? வெள்ளைக்காரனுக்கென்ன, அவன் முட்டை அவிக்கிறவன்."

குசினியைப் பிடுங்கிக் கரவனின் கடைசிப் பின்மூலைக்குக் கொண்டுபோனார். யாரோ வீடு திருத்தியபோது மிஞ்சிய கருங்கல் பலகையை மேடையாகப் பதித்தார். இரண்டு பெரிய அடுப்பு, அடியில் தண்ணீர்த் தாங்கி, அரிசி மூட்டை. அதோடு ஊரிலிருந்து வந்த கல் கிரைண்டர். கிரைண்டரோடு யார் கூடாரம் போடப் போவார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் மகள் தோசைதான் சாப்பிடுவாள். கொஞ்சம் புளித்த மா என்றாலும் தட்டைத் தள்ளிவிடுவாள். அன்றன்றைக்கு அரைத்தாக வேண்டும்.

அவளைப் படுக்கப் பழக்கவென்று புறப்பட்ட அன்று மத்தியானம், கரவன் பின்பக்கத் தாங்குகால்களில் நிற்கும்போதே, இவர் அதன் முன்பக்கக் கொழுக்கியை ஒரு கையால் தூக்கிக் காரில் கொளுவினார். "பாத்தீரே, ஒரு விரலாலை தூக்கலாம். அவ்வளவு லேசாச் செய்திருக்கிறன்," என்றார். நானும் மெச்சிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருடைய அறிவும் அவ்வளவுதான்.

நான்தான் ஓட்டினேன். இவர் ஓட்டினால் வாய் சும்மா இராது, ஹோர்னும் சும்மா இராது. பின்சீட்டில் மகள், காதில் சத்தம் மறைக்கிற பெரிய ஹெட்ஃபோனோடு. கடற்கரைக்குப் பக்கத்தில், கரவனும் கூடாரமும் போட்டுத் தங்குகிற ஒரு கூடாரத்திடலில் இரண்டு இரவுக்கு இடம் சொல்லி வைத்திருந்தோம். பொழுதுபட்டால் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். அவள் அங்கே ஓர் இரவு படுத்துவிட்டால் எங்களுக்கு வழி பிறந்துவிடும். படுக்காவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை.

குறொய்டனில் ஊர்ந்து, பேர்லியைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. பெரிய றோட்டில் ஏறி வேகம் பிடித்த பிறகு, ஒரு நீண்ட இறக்கத்தில், ஒரு லொறி எங்களை முந்தியது. அதன் காற்று அடித்ததும் கரவன் ஒருதரம் வாலை ஆட்டியது. பிறகு மற்றப் பக்கம் ஆட்டியது. மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பக்கத்தையே தூக்கி இழுத்தது. கண்ணாடியில் கரவனின் இடப்பக்கம் முழுதாகத் தெரிந்தது, உடனே வலப்பக்கம் முழுதாகத் தெரிந்தது. பின்னால் வந்த கார்கள் விலகி நின்றுவிட்டன.

"பிரேக்கை அமத்தும்!" இவர் கத்தினார். "அமத்தும்! அங்காலை திருப்பும்!"

பின்சீட்டில் மகள் முனகத் தொடங்கினாள். அவளுக்கு ஒரு முனகல் உண்டு. படுக்கும்போது மெல்லிய முனகல், பயந்தால் தொண்டையை அறுக்கிற முனகல். இது இரண்டாவது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் கை சீட் பெல்டின் பொத்தானுக்குப் போய்விட்டது. பயந்தால் எதையும் கழற்றிக்கொண்டு ஓடுவதுதான் அவள் வழக்கம்.

எனக்குக் கரவனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தது மகளை மட்டும்தான். அவள் கொந்தளிக்கும்போது பிடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, குரல் உயர்த்தக்கூடாது. பிடித்தால் இன்னும் உக்கிரமாவாள். நாங்கள்தான் எங்களைத் தளர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தபடியே, அவள் தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இத்தனை வருசமாக என் உடம்புக்குப் பழகிய ஒரே வித்தை அது.

"கத்தாதையுங்கோ," என்றேன், மெதுவாக. "பிள்ளை பெல்டைக் கழட்டப் போறா. ஒரு சொல்லும் சொல்லாதையுங்கோ."

பிரேக்கைத் தொடவில்லை. அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு, இழுத்த இழுப்புக்கெல்லாம் எதிர்த்துத் திருப்பாமல் விட்டேன். கார் தடுப்புக்கம்பியை நோக்கிப் போனது, திரும்பியது, மறுபடி போனது. நான் அவள் படுக்கையில் முனகுகிற மெல்லிய முனகலை என் வாயால் முனகினேன். வேறு எதுவும் வரவில்லை. இறக்கம் முடிந்து பாதை மட்டமானபோது வேகம் விழுந்தது. ஆட்டம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நின்றது. அவள் கை பொத்தான்மேல் இருந்தபடியே இருந்தது, அமத்தவில்லை.

லொறிகள் ஒதுங்கி நிற்கிற ஒரு லே-பை வந்தது. ஊர்ந்து போய் நிறுத்தினேன். மகளை இறக்கிப் புல்லில் நிறுத்தினேன். அவள் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு நின்றாள்.

இவர் என்ன பிழை என்று பார்க்கப் போய்க் கொழுக்கியைக் கழற்றினார். கழற்றின மறுகணம் கரவனின் மூக்கு அவர் கையைத் தட்டிவிட்டு மேலே எழும்பியது. பின்பக்கம் தொப்பென்று நிலத்தில் இடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கருங்கல், கிரைண்டர், அரிசி, தண்ணீர், இவ்வளவும் வாலில் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு லேசாக இருந்ததும், றோட்டில் வால் ஆடியதும் இந்தப் பாரத்தால்தான். ஒரு விரலால் தூக்கினாராம்.

"அவங்கள் விசரங்கள் இல்லை," என்றார் இவர். "நான்தான் விசரன். பிள்ளையைக் கொல்லப் பாத்தன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அந்த ஆள் அழப்போகிறார் என்றும் தெரிந்தது. "அழுகிறதெண்டால் பிறகு அழுங்கோ," என்றேன். "முதல்லை உந்தக் கல்லைக் கழட்டுங்கோ."

தண்ணீரைத் திறந்துவிட்டோம். கிரைண்டரையும் அரிசியையும் காரின் டிக்கிக்குள் ஏற்றினோம். கருங்கல்லைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க வாங்கக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு மேலே தரையில் கிடத்தினோம். இப்போது கொழுக்கியைத் தூக்க இவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொளுவி, எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டுதரம் பார்த்தார்.

"வீட்டை போவமோ, கடலுக்குப் போவமோ?" என்று கேட்டார். "மெதுவா உருட்டினால் கேற் பூட்ட முந்திப் போகலாம்."

வீட்டுக்குப் போனால் மாடி அறை. அடுத்த முறை அவளை இந்தக் காரில் ஏற்ற முடியுமா என்பதே சந்தேகம். பதில் சொல்லுமுன் திரும்பிப் பார்த்தேன். புல்லில் மகளைக் காணவில்லை.

றோட்டுப் பக்கம் ஓடினேன். அப்போது பின்னால், கரவனுக்குள், அந்தப் பித்தளைக் குமிழ் திரும்புகிற சத்தம் கேட்டது. இத்தனை வருசமாக ஒவ்வொரு இரவும் மாடியில் நான் கேட்ட சத்தம். கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சமான பின்னேரத்தில், லொறிகளுக்கு நடுவில், அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"இறக்கும் பிள்ளையை," என்றார் இவர். "ஆளை உள்ளை வச்சு இழுக்கேலாது. நேரம் போகுது."

"சத்தம் போடாதையுங்கோ."

வீட்டில் எங்களுக்கு ஒரு காவல் உண்டு. அவள் கதவைச் சாத்தினதும் நாங்கள் வெளியே மாடிப்படியில் உட்காருவோம். உள்ளே மெல்லிய முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் பிள்ளை நித்திரை. ஹொட்டேலிலும் அக்கா வீட்டிலும் அந்த மெல்லிய முனகல் தொடங்கவே இல்லை.

நான் கரவனின் தகரச் சுவரில் காதை வைத்தேன். இவர் அடைத்த பஞ்சை முதல்தடவையாகச் சபித்தேன். ஒரு லொறி போனது, கரவன் இலேசாக ஆடியது. அடுத்த லொறி வருவதற்குள் கேட்டாக வேண்டும். கேட்டது. மெல்லிய முனகல்தான்.

இவரும் வந்து பக்கத்தில் காதை வைத்தார். எங்கள் மூக்குகள் முட்டிக்கொண்டு இருந்தன. லொறி. முனகல். லொறி. முனகல். ஒரு லொறிக்காரர் இறங்கி வந்து, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அந்தாள் என்ன நினைத்தாரோ, நுனிக்காலில் திரும்பிப் போனார்.

இன்னொரு லொறி போனது. பிறகு றோட்டு சும்மா கிடந்தது. சுவருக்குள் ஒன்றும் கேட்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அமத்திக் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும், நீளமாக.

நான் புல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவர் பக்கத்தில் வந்து இருந்தார். கூடாரத்திடல்காரர்களுக்கு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கிசுகிசுத்த குரலில் போன் பண்ணினார்.

"எழுப்புவமோ?" என்று கேட்டார், பதில் தெரிந்துகொண்டே.

"தொட்டுப் பாருங்கோ, தெரியும்," என்றேன்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புட்டை எடுத்து, சத்தம் போடாமல், இரண்டு பேரும் ஒரே பெட்டியிலிருந்து சாப்பிட்டோம்.