பூனைக்கு வைத்த பால்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வானம் தெளிவு, மெல்லிய வாடைக்காற்று. அந்த நேரத்தில்தான் என் மனைவி கொழும்புக்குப் புறப்பட்டாள். மகளுக்குப் பிள்ளை பிறந்து நான்கு நாள். பிள்ளைக்கு நாற்பது நாள் முடியும்வரை அங்கே நிற்பதாக ஏற்பாடு. முப்பத்தொரு வருடம் வானிலை அவதான நிலையத்தில் மழைமானி பார்த்தவன் நான். நேரத்தையும் காற்றையும் முதலில் எழுதாவிட்டால் எனக்கு மற்றது வராது.

வாசலில் நின்று அவள் சொன்ன கடைசிச் சொல் என்னைப் பற்றியதல்ல.

"பூனைக்குச் சோறும் மீனும் போதும். வேற ஒண்டும் குடுக்காதீங்க. நான் வரக்குள்ள இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்."

"ஏன் வேற ஒண்டும் குடுக்கக் கூடாது?"

"ஏனெண்டு கேக்காம ஒரு வேலையாச்சும் செய்யுங்களன்."

பூனைக்கு ஒன்பது வயது. சாம்பல் நிறப் பெட்டை. கற்பிட்டியில் எங்கள் வீட்டில் நான்கு கதிரைகள் இருக்கின்றன. மூன்று அது படுக்க, ஒன்று நான் உட்கார. என் மனைவி இந்த ஒன்பது வருடத்தில் என்னோடு கதைத்ததைவிட அதனோடு கதைத்தது கூடுதல். அது அவள் மடியில் ஏறும், தோளில் ஏறும். என் காலடிக்குக்கூட வந்ததில்லை. அவள் போன பிறகு இரண்டு நாள் தெருவைப் பார்த்தபடி வாசலிலேயே கிடந்தது. நான் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பியது. மீன் வைத்தால், நான் அறைக்குள் போகும்வரை பார்த்திருந்து பிறகு தின்றது.

அது எனக்கு முகம் கொடுக்காததன் காரணம் மூன்றாம் நாள் விளங்கியது. அவள் இந்தப் பிராணிக்கு வாழ்நாள் முழுக்கச் சோறும் மீனும் போட்டே வளர்த்திருக்கிறாள். பூனை பால் குடிக்கும் என்பது பாலர் வகுப்பில் படித்த எவருக்கும் தெரியும். பூனைக்கு முன்னால் பால் கிண்ணம் இருக்கும் படம் நூறு பார்த்திருக்கிறேன். சோற்றுக் கோப்பையோடு ஒரு பூனைப் படம்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு பக்கட் பால்மா வாங்கினேன். தட்டுப்பாடு வந்த காலத்தில் இதே பக்கட்டுக்காக வரிசையில் நின்று கால் வீங்கியவன், இப்போது இரண்டு கரண்டி கரைத்துப் பூனைக்கு வைத்தேன். அது ஒரு சொட்டு விடாமல் நக்கியது. பிறகு நேராக வந்து என் கெண்டைக்காலில் உடம்பை உரசியது. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அசைந்தால் போய்விடுமோ என்று இருபது நிமிடம் அப்படியே நின்றேன்.

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் பால். பின்னேரம் ஒரு துண்டு சீஸ். அது என் மடியில் ஏறியது. தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டது.

ஐந்தாம் நாள் வயிற்றால் போகத் தொடங்கியது. பழக்கதோஷம், மூன்று மணிக்கு ஒரு தடவை அவதானித்து நேரம், அளவு, தன்மை மூன்றையும் எழுதினேன். முதலில் தூறல். ஏழாம் நாள் இடைவிடாத மழை.

நோயையும் நானே கண்டுபிடித்தேன். மதிலுக்கு அடுத்த பக்கம் கருவாடு காயவைக்கும் வாடி. பூனை தினமும் மதிலேறிப் போய் ஒரு துண்டு இழுத்து வரும். கருவாடு சூடு, இந்தக் கரையில் அது தெரியாத ஆள் இல்லை. சூடு குடலில் இறங்கிவிட்டது. சூட்டுக்கு மாற்று குளிர்ச்சி. அதற்குப் பால், பாலைவிடத் தயிர். பால்மாவும் சூடு என்று எங்கோ கேட்டிருந்ததால் கறந்த பசுப்பாலுக்கு மாறினேன். மீனை நிறுத்தினேன். பாலைக் கூட்டினேன். காலையில் தயிர், இரவில் மோர்.

வாடிக்காரனை மதிலருகே கூப்பிட்டு, கருவாட்டை மூடி வைக்கச் சொன்னேன். அண்ணன், அக்கா என்கிற முறையில் எங்களைக் காக்கா, ராத்தா என்பான்.

"காக்கா, உங்கட பூன ஒம்பது வருஷமா என்ட கருவாட்டக் களவெடுக்குது. நான்தான் உங்ககிட்டக் காசு கேக்கணும்."

"அந்தச் சூடெல்லாம் சேர்ந்து சேர்ந்து இப்பதான் வெளியில வருது, தம்பி."

"ஒம்பது வருஷம் உள்ளுக்கக் கிடந்த சூடு, ராத்தா கொழும்புக்குப் போனோடன வெளிய வருதா? அதுவும் அவ போகட்டும் எண்டு பாத்துட்டு இருந்திச்சாக்கும்!"

படிக்காத கதை என்று உள்ளே வந்துவிட்டேன்.

மனைவி இரவில் வீடியோ அழைப்பு எடுப்பாள். முதலில் பேரப்பிள்ளையைக் காட்டுவாள், பிறகு பூனையைக் காட்டச் சொல்வாள். நான் அதைப் போர்வைக்குள் புதைத்து, தலையை மட்டும் காட்டினேன்.

"என்ன, மெலிஞ்சு போயிருக்கு?"

"கமரா அப்படிக் காட்டுது."

"உங்களக் காட்டக்குள்ள மெலிவாக் காட்டல்லயே?"

19ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. பனி. பூனை எழும்பவில்லை. பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. முதுகுத் தோலை இரண்டு விரலால் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நின்றது. இது செத்துப்போனால் அவளிடம் என்ன சொல்வேன்? எந்த மணிக்கு, எந்தக் காற்றில் என்று சொல்லலாம். அவள் கேட்கப்போவது அதையா?

அந்த நேரத்தில் ஓட்டோ வைத்திருந்தவன் வாடிக்காரன் மட்டும். வந்தான். மீன் பெட்டியில் பூனையை வைத்து, மேலே கிழிந்த வலைத் துண்டைக் கட்டினான்.

"கருவாடு ஏத்துற வண்டி, காக்கா. சூடு ஏறிடாதே?"

புத்தளத்துக்குப் போய்வர, நின்ற நேரத்தையும் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு வாங்கினான். ஒரு சதம் குறைக்கவில்லை.

மிருக வைத்தியர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. என் அவதானக் கடதாசியை முழுக்கப் படித்தார்.

"ஐயா, எத்தினை தரம் போனது எண்டு வடிவா எழுதியிருக்கிறியள். என்ன சாப்பிட்டது?"

"பால்."

"வருத்தம் வந்தாப் பிறகு?"

"வேறு பால்."

"மருந்து ஏதும்?"

"தயிர். மோரும்."

பேனாவை மூடி மேசையில் வைத்தார். குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலைச் செமிக்கிற சக்தி இருக்கும், வளர வளர அது கனக்கப் பூனைகளுக்குக் குறைந்துபோகும், பாலில் உள்ள சீனி செரிக்காமல் குடலில் நின்று இப்படித்தான் செய்யும் என்றார். சில பூனைகள் கொஞ்சம் தாங்குமாம், இது தாங்காதாம். சீஸில் அந்தச் சீனி குறைவென்றாலும் உப்பும் கொழுப்பும் கூடுதலாம்.

"ஆனால் ஆசையாகக் குடித்ததே?"

"ஆசையாக் குடிக்கிறதெல்லாம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமே, ஐயா?"

"அப்படியென்றால் தேங்காய்ப்பால்?"

"தண்ணி, ஐயா. வெறும் தண்ணி. அவிச்ச மீன், முள்ளெடுத்து."

முன்காலில் மயிரை வழித்துச் சேலைன் ஏற்றினார்கள். அதற்கும் மருந்துக்கும் மூவாயிரத்து இருநூறு.

இரண்டே நாளில் பூனை எழும்பிவிட்டது. தண்ணீர் குடித்தது, நான் முள்ளெடுத்த பாரை மீனைத் தின்றது. பால் இல்லை என்று தெரிந்ததும் என் மடியையும் மறந்து வாசலுக்குப் போய்விட்டது. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. உயிரோடு ஒப்படைத்தால் போதும். வழித்த மயிர் நாற்பது நாளுக்குள் முளைத்துவிடும் என்று கணக்கிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை இரவு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது அவள் குரலைக் கேட்டுப் பூனை ஓடிவந்தது. முன்காலைத் தூக்கிப் போனில் வைத்தது.

"அந்தக் கால்ல மயிர் எங்க?"

போனை என் முகத்துக்குத் திருப்பினேன்.

"பால் குடுத்தீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குட்டியில கொண்டுவந்த வருஷம் நான் ஒருக்காக் குடுத்துப் பட்டவ."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நம்புற ஆளா நீங்க? குடுத்துப் பாத்துத்தான் எழுதுவீங்க."

பூனை தேறிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, பிள்ளைக்கு நாற்பது முடிய இன்னும் நாளிருக்கிறது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

23ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. கடும் வெயில், காற்று இல்லை. கொழும்பிலிருந்து வாடகைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. நாற்பதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அவள் இறங்கினாள். பூனை அவள் தோளுக்கு ஏறியது. அதன் வயிற்றைத் தடவி, காலைப் பிடித்துப் பார்த்து, கண் மடலை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கடந்து உள்ளே போனாள்.

"வண்டிக்காசக் குடுங்க" என்றாள், திரும்பாமலே.

பதினெட்டாயிரம். பால், தயிர், சீஸ் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. ஓட்டோவையும் வைத்தியத்தையும் கூட்டினால் முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய்.