சலீம் நானாவின் முதல் கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை சலீம் நானாவின் மகன் போனில் அழைத்தான். "வாப்பா மௌத்தாயிட்டாங்க. அஸருக்கு அடக்கம்" என்று சொல்லிவிட்டு அழுதான். மாலைத் தொழுகைக்குள் கந்தப்பளையிலிருந்து லிந்துலைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற பதற்றத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டேன். வெளியே பனிமூட்டம். எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை.

லிந்துலையில் அவருடைய கராஜுக்குப் போன எல்லோருக்கும் தெரியும், நானா சரியான பயந்தாங்கொள்ளி. வண்டியில் ஏறினால் கதவுப் பிடியை விடமாட்டார். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். டிரைவர்மார் நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் ஸ்டீரிங்கில் கோளாறு என்றால் ஹட்டனிலிருந்துகூட அவரிடம்தான் வருவார்கள். என்ன சத்தம், எத்தனை நாளாக என்றெல்லாம் கேட்கமாட்டார். "எந்த எடத்துல வச்சு பயந்தீங்க?" இதுதான் முதல் கேள்வி. வளைவிலா, பிரேக் பிடிக்கும்போதா, வளைந்தபின் சக்கரம் நேராக வராதபோதா என்று பயம் வந்த இடத்தைச் சொன்னால் போதும், கோளாறு இருக்கும் இடத்துக்கு அவர் கை போய்விடும்.

என்னிடமும் அதைத்தான் கேட்டார். எங்கள் தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவிடம் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. மேல்மூடி கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். கல்யாணத்தன்று கோவிலுக்கு அதில்தான் கூட்டிப்போவேன் என்று மகளுக்கு அவள் சின்னவளாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தேன். கல்யாணம் லிந்துலைக் கோவிலில். அதற்கு நான்கு நாள் இருக்கையில் நானுஓயா இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், கார் தானாக இடப்பக்கம் போனது. அந்தப் பக்கம் பள்ளம். காரை நிறுத்திவிட்டு, பயத்தில் அங்கேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதை நானாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷம் இதே மலையில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவன், பயந்தேன் என்று சொல்வதா? அதுவும் வேறு இரண்டு டிரைவர்கள் பக்கத்தில் நிற்கும்போது? பயமெல்லாம் ஒன்றுமில்லை, ஸ்டீரிங்கில் கொஞ்சம் ஆட்டம், அவ்வளவுதான் என்றேன். நானா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆட்டத்தைக் குறைக்க ஸ்டீரிங் பெட்டியின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கினார்.

ஓட்டிப் பார்க்கப் போனோம். மகள் உட்கார வேண்டிய இருக்கையில் அவர் உட்கார்ந்தார். முதல் வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினேன், அது திரும்பி வரவே இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தும் முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கித் தேயிலைச் செடியில் முட்டி நின்றது. நானா கதவுப் பிடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் பயந்தது இந்த எடத்துல. நீங்க எங்க வச்சு பயந்தீங்க? இது ஒங்க மக உக்காரப்போற சீட்டு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஈரத்தரையிலேயே மல்லாந்து படுத்து, ஸ்டீரிங்கை ஆட்டச் சொல்லி அடியில் பார்த்தார். பெட்டிக்குள் தேய்மானமே இல்லை. பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, பிரேக் பிடிக்கும்போது பெட்டியே அசைந்திருக்கிறது. இறுக்கிய கால் சுற்றைத் திரும்பத் தளர்த்திவிட்டு, கராஜில் புது போல்ட்டுகள் போட்டார். "பயத்த மறைச்சீங்கன்னா நான் இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடுத்துருவேன்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கல்யாணத்தன்று அந்த இறக்கத்தில் மகள் பூவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். நான் மூச்சுவிடாமல் பிரேக்கை மிதித்தேன். கார் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

போன மாதம் நானாவைப் பார்க்கப் போயிருந்தேன். பள்ளிவாசல் படியில் ஒன்பதாவது படி வரும்போது நெஞ்சைப் பிடித்து இழுக்கிறது, பயமாக இருக்கிறது என்றார். ஒன்பதாவது படி என்று இடத்தைக்கூடச் சரியாகச் சொன்னார். "ஒங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல நானா?" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றினார். டாக்டரிடம் போவோம், வாங்க என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

அஸருக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். அந்தப் படிகளில் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஒன்பதாவதில் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் என்னை விலகிப் போனார்கள். நானாவைக் கடைசிவரை பயந்தாங்கொள்ளி என்றே சொல்லித் திரிந்த நண்பர்களே, பயந்த இடத்தைச் சொல்லும் அந்தத் தைரியம் நம்மில் யாருக்கும் இருந்ததில்லை.

அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். அன்றைக்குத் திரும்பி ஏறும் வழியில் பள்ளத்தின் ஓரம் தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவி கேட்டாள். பனி, ரோட்டில் நெரிசல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"நானுஓயா எறக்கத்துல வச்சு பயந்துட்டேன்" என்றேன்.