கண் அடைத்த சுவர்

கடுகு மாமா காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது தோளில் ஒரு கம்பி இருக்கும். பெருவிரல் கனம், இடுப்பளவு நீளம், ஒரு முனை மட்டும் லேசாக வளைந்தது. பேருந்து திரும்பும் திடலுக்கு வந்ததும், மலைச்சரிவைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரின் இடது கோடியில் தொடங்குவார். சுவரில் மூன்று வரிசையாக முப்பத்தாறு துளைகள். கம்பியை உள்ளே விடுவார், இரண்டு சுற்றுச் சுற்றுவார், வெளியே இழுத்து முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். பிறகு காக்கிக் கால்சட்டையின் இடது தொடையில் துடைத்துவிட்டு அடுத்த துளைக்கு நகர்வார். மேல் வரிசைக்கு மட்டும் ஒரு கல்லை உருட்டிப் போட்டு ஏறிக்கொள்வார். முப்பத்தாறும் முடிகிறவரை யார் கூப்பிட்டாலும் பதில் வராது. கால்சட்டையின் அந்தத் தொடை மட்டும் எத்தனை துவைத்தாலும் செம்மண் நிறம்தான்.

அவர் சாலைப் பணியாளர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எங்களுக்கு ரத்த உறவு இல்லை, பக்கத்து வீடு. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிப்பார் என்பதால் அந்தப் பெயர். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

சுவரில் இருக்கும் துளைகளை அவர் கண் என்பார். "மழைத்தண்ணி மலைக்குள்ள எறங்குதுல்ல மாப்ள, அது வெளிய வர வழி வேணும். வழி இல்லைன்னா சுவத்தைத் தள்ளும். கண்ணுல தெளிஞ்ச தண்ணி வந்தா நல்லது. சேறா வந்தா உள்ள மண்ணு கரையுது. மழை கொட்டுறப்ப ஒண்ணுமே வரலைன்னா, அங்க நின்னு யோசிக்காத, ஓடு."

திடலுக்குக் கீழே ஒற்றைச் சந்தில் ஒன்பது வீடுகள். எங்கள் வீடு நாலாவது, அவருடையது ஐந்தாவது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மலையில் சரிவு வந்து சாலையை வாரிக்கொண்டு போனபிறகு சாலைத்துறை அலுவலகத்துக்குத் திடீரென்று எங்கள்மேல் பாசம் வந்துவிட்டது. துண்டறிக்கை கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பை தயாராக வைக்கச் சொன்னார்கள்: டார்ச், மருந்து, கயிறு, விசில், பிளாஸ்டிக் உறையில் பத்திரங்கள். கம்பத்தில் சைரன் கட்டினார்கள். சைரன் அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கூட வேண்டிய இடம் எது என்று அம்புக்குறி போட்டுப் பலகையும் நட்டார்கள். அந்த இடம், பேருந்துத் திடல்.

ஒத்திகை நடந்த அன்றைக்கு நாங்கள் பைகளோடு திடலில் வரிசையாக நின்றோம். அலுவலகப் பொறியாளர் குடையின் கீழ் நின்றார், வெயிலுக்காக. மாமா மட்டும் கையில் பை இல்லாமல் அவர் எதிரில் போய் நின்றார்.

"சார், சைரன் அடிச்சா எல்லாரும் இங்க வரணும்ங்கறீங்க."

"ஆமா."

"இந்தச் சுவத்துக்கு அடியில."

"திடலுக்குய்யா. சுவர் அது பாட்டுக்கு இருக்கு."

"எதுக்குப் பயந்து ஓடி வர்றாங்களோ அதுக்குக் கீழயே நிக்கச் சொல்றீங்க. மேல ஸ்கூலுக்கு அனுப்புங்க சார். அது பாறை மேல நிக்குது."

"அறுபத்தெட்டு படி. நிவாரண லாரி ஏறுமா?"

"லாரியா சார் சாகப் போகுது?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை. புகைப்படம் எடுக்கும்போது மாமாவை ஓரமாகப் போகச் சொன்னார்கள்.

அதன்பிறகு நடந்ததை இப்போது எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். மாமாவைப் பத்து நாள் வேறு சாலைக்கு அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளில் ஒப்பந்தக்காரர் ஆட்கள் வந்து, படம் வரைய வழவழப்பாக இருக்க வேண்டும் என்று சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினார்கள். முப்பத்தாறு கண்ணும் உள்ளே போயின. அதன்மேல் ஓவியம் வரைந்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு சிரிப்பு. தலைக்குமேல் 'பேரிடரை வெல்லத் தயாராவோம்' என்று ஆள் உயர எழுத்து. அதிகாரி வந்தார், பாராட்டினார். எங்கள் சந்து மாதிரிப் பகுதி என்று அறிவித்தார். ஒன்பது வீட்டுக்கும் சூரிய விளக்கு வரும் என்றார். நாங்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

பதினோராவது நாள் காலை மாமா கம்பியோடு வந்து நின்றார். வண்ணக் குடும்பம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் கையால் சுவரைத் தடவிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார், வந்தார். வெடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எழுத வராது என்பதால் மூன்று மனுக்களை அவர் சொல்ல நான் எழுதினேன். முதலிரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதை நேரில் கொண்டுபோனோம். பொறியாளர் படித்துப் பார்த்துவிட்டு, "ஓவியத்துக்கு வார்னிஷ் எல்லாம் அடிச்சாச்சே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. வார்னிஷ் அடித்தாகிவிட்டதாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனார். எந்த இடத்தில் எந்தக் கண் என்று அளந்து பார்க்கவே இல்லை. நேராக வைத்து அடித்தார். படத்திலிருந்த அப்பாவுக்கு வாயில் ஒன்று, அம்மாவுக்கு நெற்றியில் ஒன்று, பையனின் பையில் இரண்டு. பதினொன்று திறப்பதற்குள் திடல் காவலாளி போன் செய்துவிட்டார். மாலைக்குள் சஸ்பெண்ட். அரசு விழிப்புணர்வு ஓவியத்தைச் சேதப்படுத்தியதாக மெமோ. கம்பியையும் அரசுச் சொத்து என்று வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே பதினொன்றையும் பூசி, அப்பாவுக்குப் புது வாய் வரைந்தார்கள். பழையதைவிடப் பெரிய சிரிப்பு.

ஓவியத்தைக் கெடுத்த சந்து என்று சொல்லி, தருவதாக இருந்த சூரிய விளக்கை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வீட்டுக் கோபமும் அலுவலகத்தின் மேல் போயிருக்க வேண்டும். போகவில்லை. பக்கத்து வீட்டின் மேல் கோபப்படுவது சுலபம். ஜன்னலைத் திறந்தாலே போதும்.

"வெளக்கு வரும்னு வயரெல்லாம் இழுத்து வச்சேன்" என்றார் ஏழாவது வீட்டுத் தையல்காரர், மாமா காதில் விழும்படி. "பாவம், அந்தக் குடும்பத்துக்குப் பல்லைப் புடுங்கப் போயி எங்க வீட்டை இருட்டாக்கிட்டாரு."

மாமா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். "இருட்டுல இருந்தா உசுரோட இருப்பே. தையலைப் பிரிச்சு உள்ள பார்க்கிறவன்தானே நீ, சுவத்தைப் பார்க்கத் தெரியாதா?"

"எனக்கு என் வேலை இருக்குங்க. உங்களுக்குத்தான் இல்ல."

மாமா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து சந்தில் தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார்.

மழை வந்தது. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். சுவர் ஒரு சொட்டுக் கசியாமல் உலர்ந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. "நல்லா பூசியிருக்கான்" என்று ஊரே சொன்னது. நாலாம் நாள் காலை மழை சற்று விட்டபோது அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அடுத்த ஊரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் பேருந்து ஏறினார். பிறகு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பிற்பகல் மூன்று மணிக்குச் சைரன் அடித்தது.

கற்றுக்கொடுத்தபடியே செய்தோம். அம்மா அடுப்பை அணைத்தாள், பையை எடுத்தாள், கதவைப் பூட்டினாள். ஒன்பது வீட்டு ஜனம், நாற்பத்தோரு பேர், தள்ளாமல் முந்தாமல் வரிசையாக மேலே ஏறினோம். சந்து திடலில் சேரும் முனையில் மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தொப்பலாக நனைந்திருந்தார். அவருக்குப் பின்னால் திடலில் நிவாரண லாரி காலியாக நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி மழையில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திடலுக்கு வேண்டாம். படியேறுங்க. ஸ்கூலுக்குப் போங்க."

"வழியை விடுங்க" என்றார் தையல்காரர். "வேலை போன கடுப்பை எங்ககிட்ட காட்டாதீங்க."

"நாலு நாள் மழைடா. ஒரு கண்ணுலயும் தண்ணி வரலை. எங்க போயிருக்கும் அவ்வளவு தண்ணியும்? அதுக்குப் பின்னாலதான் நிக்குது."

"திடல்லதான் பேர் எடுப்பாங்க. அங்க இல்லாதவங்களுக்கு நிவாரணம் கிடையாது."

"பேரு எடுக்கட்டும். கல்லுல வெட்டறதுக்கு ஆகும்."

யாரும் நகரவில்லை. பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். மாமாவின் தோளில் யாரோ கை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் அம்மா அதைப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன இது, பை?"

எங்கள் எல்லோரிடமும் பை இருந்தது. அவரிடம் இருந்ததுதான் அதிசயம். பையைத் தூக்கிக்கொண்டு சுவருக்கடியில் போய் நிற்கவா என்று ஒன்றரை வருஷமாகக் கேலி பேசிய மனிதர், தோளில் வாயிறுகக் கட்டிய பெரிய பையோடு நின்றார். மாமா பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இவரே பை கட்டிட்டாருன்னா இது வெளையாட்டு இல்லை" என்று சொல்லிவிட்டு அம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். நான் பின்னால் போனேன். பிறகு ஒவ்வொருவராக. லாரி ஓட்டுநரும் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் தையல்காரர், அறுபத்தெட்டு படிக்கும் அறுபத்தெட்டு வசவு திட்டிக்கொண்டு.

நாலேகால் மணிக்குப் பள்ளி வராந்தாவிலிருந்து பார்த்தோம். முதலில் சத்தமே இல்லை. வரைந்த குடும்பம் இடுப்பில் மடங்கி எங்களுக்குக் கும்பிடு போடுவதுபோலக் குனிந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. திடலும் லாரியும் பலகையும் ஒரே மண்ணாயின. கீழே முதல் மூன்று வீடுகளும் போயின. ஆள் ஒருவர்கூட இல்லை. தையல்காரர் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

விசாரணை நடந்தது. அனுமதியின்றித் துளையிட்டதால் சுவர் வலுவிழந்து விழுந்தது என்று அறிக்கை வந்தது. மாமாவின் மெமோவில் அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்தது. ஒத்திகையைச் சிறப்பாக நடத்தி ஒரு உயிரும் போகாமல் காத்ததற்காகப் பொறியாளருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். தையல்காரர் உட்பட நாற்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டதற்கான சீட்டுகூடத் தரவில்லை. மாமாவுக்கு இன்னும் வேலை திரும்பவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் அத்தையோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு மாமா பையில் என்னதான் வைத்திருந்தார், டார்ச்சா, கயிறா என்று கேட்டேன்.

"டார்ச்சும் இல்ல, ஒண்ணுமில்ல" என்றார் அத்தை. "நாலு சட்டை, என் சேலை ரெண்டு, வீட்டுச் சாவி. மூணரை பஸ்ஸுக்குக் கெளம்பினவரு. என்னைக் காலையிலயே அனுப்பிட்டாரு. நாலு நாளா ஊத்துது, சுவரு அப்படியே நிக்குது, நான்தான் தப்பா சொல்லிட்டேன் போல, இனிமே இந்தச் சந்துல எந்த மூஞ்சியோட நடக்கறதுன்னாரு. ஊரை விட்டே போயிரலாம்னுதான் பை கட்டினது. திடல்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்பதான் சைரன் அடிச்சுது."